சிரிக்கும் முன் சிந்தியுங்கள்!

(வணிகர்களும் இளைஞர்களும் திரளாகக் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

காலையில் கடையைத் திறந்ததும் பத்திரிகையைப் பிரிக்கிறோம். தலைப்புச் செய்தியைப் படிக்கிறோமோ இல்லையோ, கேலிச் சித்திரத்தைப் பார்த்து விடுகிறோம். இன்றைய இளைஞர்களுக்குப் பத்திரிகை கூடத் தேவையில்லை. கைபேசியிலேயே வந்து விழுகிறது. எங்கோ ஒரு நாட்டில் போர். அந்நாட்டு அதிபர் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பது போல ஒரு படம். பார்க்கிறோம், சிரிக்கிறோம், பத்துப் பேருக்கு அனுப்பி விட்டு வேலையைப் பார்க்கப் போய் விடுகிறோம்.

நமக்குப் பிடிக்காதவரைக் கேலி செய்தால் மகிழ்ச்சி. நமக்கு வேண்டியவரைக் கேலி செய்தால் கோபம். அந்தப் படம் சொல்வது உண்மையா? வரைந்தவர் எந்தத் தராசில் வைத்து அந்த மனிதரை நிறுத்தார்? அந்தத் தராசில் போட்ட எடைக்கல் சரியானதுதானா? இப்படிக் கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இதை விளங்கிக் கொள்ள நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன். இன்றைய போரை விட்டு விட்டுப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். இன்றைய படத்துக்கு வரலாறு இன்னும் பதில் எழுதவில்லை. பழைய படத்துக்கு எழுதி முடித்து விட்டது. ஆகவே படம் சொன்னதையும் பின்னால் நடந்ததையும் அருகருகே வைத்து நாம் சரிபார்த்துக் கொள்ளலாம்.

அந்த அதிபரின் பெயர் ஆப்ரகாம் லிங்கன்.

அதிபர் சிக்கிய இக்கட்டு

1860 நவம்பரில் லிங்கன் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பதவி ஏற்பதற்குள்ளாகவே அடிமை முறையைக் காப்பாற்றிக் கொள்ள ஏழு தென் மாநிலங்கள் பிரிந்து போய் விட்டன. 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டையின் மீது குண்டு விழுந்தது. போர் தொடங்கியதும் மேலும் நான்கு மாநிலங்கள் பிரிந்தன. ஆக மொத்தம் பதினொன்று.

அன்றைய அமெரிக்காவில் சுமார் நாற்பது லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். ஆடு மாடுகளைப் போல விற்கப்பட்டார்கள், வாங்கப்பட்டார்கள். தாய் ஓர் ஊரில், பிள்ளை வேறோர் ஊரில். இவர்களை விடுவிப்பதா, வேண்டாமா? லிங்கனின் இக்கட்டு இதுதான்.

விடுவிப்பதாக அறிவித்தால், பிரிந்து போகாமல் அவருடன் நின்ற மிசௌரி, கென்டக்கி, மேரிலாந்து, டெலவேர் ஆகிய நான்கு மாநிலங்களும் கைவிட்டுப் போகலாம். அவையும் அடிமை முறை இருந்த மாநிலங்களே! அறிவிக்காமல் இருந்தாலோ, நாட்டுக்குள் நியாயவான்கள் காறித் துப்புவார்கள், வெளிநாடுகளும் "நீ எதற்காகத்தான் போரிடுகிறாய்?" என்று கேட்கும்.

லிங்கன் தயங்கினார். இதை மறைக்க வேண்டியதில்லை. 1861 ஆகஸ்டில் ஃப்ரீமான்ட் என்ற தளபதி, மிசௌரியில் கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் விடுதலை பெற்றதாகத் தானாகவே அறிவித்தார். லிங்கன் அதை ரத்து செய்தார். இத்தகைய தயக்கம் கேலிச் சித்திரக்காரர்களுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்தது போல அமைந்தது.

படத்தில் வராத மூன்றாவது சங்கடம்

லண்டனில் 'பஞ்ச்' என்ற வார இதழ் வந்து கொண்டிருந்தது. நகைச்சுவை இதழ். ஆங்கிலேய மேல்தட்டு வீடுகளில் அதற்குத் தனி மதிப்பு. அதன் பெரிய படங்களை வரைந்தவர் ஜான் டெனியல். சிறுவர்களுக்கான 'ஆலிஸின் அற்புத உலகம்' கதைக்குப் படம் வரைந்தவரும் இவரே. ஆனால் வாரந்தோறும் என்ன படம் வரைவது என்பதை அவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. வாரம் ஒரு நாள் ஆசிரியர் குழு முழுவதும் விருந்து மேசையில் கூடும். அங்கே பேசி முடிவெடுப்பார்கள். வரைந்த கை ஒன்று; சொல்லிக் கொடுத்த வாய்கள் பல!

1862 ஆகஸ்ட் 23-ஆம் தேதி இதழில் 'லிங்கனின் இரண்டு சங்கடங்கள்' என்ற படம் வெளிவந்தது. நடுவில் லிங்கன். ஒரு பக்கம் பணம் இல்லை; மறுபக்கம் ஆள் இல்லை. இரண்டுக்கும் நடுவில் விழிக்கிறார் அதிபர்.

இந்தப் படத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. அந்தக் கோடையில் முதலில் மூன்று லட்சம் பேர், பிறகு மேலும் மூன்று லட்சம் பேர் படைக்கு வேண்டுமென்று லிங்கன் கேட்டிருந்தார். கஜானா காலியாகி, அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தங்கத்தின் பின்பலம் இல்லாத காகித டாலரை அச்சடிக்கச் சட்டம் செய்திருந்தார்கள். 1860-இல் சுமார் ஆறரைக் கோடி டாலராக இருந்த அமெரிக்க அரசின் கடன் போர் முடியும் போது 270 கோடி டாலரைத் தொட்டது. கடை நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கின் கனம் புரியும்.

ஆனால் சகோதரர்களே, படத்தில் இருந்தது இரண்டு சங்கடங்கள். மூன்றாவது ஒன்று இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அது படத்தில் இல்லை!

இந்தப் படம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 22-ஆம் தேதி, அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தின் நகலை லிங்கன் தம் அமைச்சர்களுக்குப் படித்துக் காட்டி விட்டார். "தோல்வி மேல் தோல்வி வரும் நேரத்தில் வெளியிட்டால் கையாலாகாதவனின் கூக்குரலாகத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும்" என்ற கருத்தை அமைச்சர் சீவர்ட் சொன்னார். லிங்கன் ஏற்றுக் கொண்டு காத்திருந்தார். லண்டனில் மக்கள் படத்தைப் பார்த்துச் சிரித்த அதே நாட்களில், வாஷிங்டனில் நாற்பது லட்சம் பேரின் தலையெழுத்து ஒரு காகிதத்தில் எழுதப்பட்டுக் காத்துக் கிடந்தது.

படம் வரைகிறவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது. அது அவன் குற்றமல்ல. வெளியே தெரிவதே முழு உண்மை என்று நாம் முடிவு கட்டினால் அது நம் குற்றம்.

எதிர்க்கடை யாருடையது?

வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. லண்டன் பத்திரிகைக்கு அமெரிக்க அதிபர் மீது இத்தனை எரிச்சல் ஏன்?

பருத்தி!

இங்கிலாந்தின் நூற்பாலைகளுக்கு வந்த பஞ்சில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்கத் தென் மாநிலங்களில் விளைந்தது. விளைவித்தவர்கள் அடிமைகள். லிங்கன் தென் துறைமுகங்களைப் போர்க் கப்பல்களால் முற்றுகையிட்டார். பஞ்சு வரத்து நின்றது. ஆலைகள் மூடப்பட்டன.

1861 நவம்பர் 16-ஆம் தேதி 'பஞ்ச்' இதழில் வந்த படத்தைப் பாருங்கள். வடக்கும் தெற்கும் கடைக்குள் அடித்துக் கொள்கின்றன. இங்கிலாந்தைக் குறிக்கும் தொந்தி பெருத்த ஜான் புல் வாடிக்கையாளராக நிற்கிறார். "வியாபாரத்தை விடச் சண்டைதான் உங்களுக்குப் பெரிது என்றால் நான் எதிர்க்கடைக்குப் போகிறேன்" என்கிறார். அந்த எதிர்க்கடை எது தெரியுமா? இந்தியா!

அது நம் கடை! அமெரிக்கப் பஞ்சு நின்றதும் இந்தியப் பஞ்சுக்கு மவுசு வந்தது. பம்பாய் துறைமுகத்திலும், திருநெல்வேலிப் பருத்தி ஏற்றுமதியான தூத்துக்குடியிலும் பஞ்சு மூட்டைகளுக்குப் பொன் விலை. பம்பாயில் நேற்று வரை சாதாரணமாக இருந்தவர்கள் பங்கு வாங்கிப் பணக்காரர்கள் ஆனார்கள். 1865-இல் போர் முடிந்தது. விலை மளமளவெனச் சரிந்தது. ஏறிய வேகத்தில் பல வீடுகள் இறங்கின. பம்பாய் வங்கியே அந்தச் சரிவில் ஆட்டம் கண்டு, சில ஆண்டுகளில் இழுத்து மூடப்பட்டது. அடுத்தவன் போரில் கட்டிய மாளிகை அடுத்தவன் சமாதானத்தில் இடிந்தது!

இப்போது அந்தப் படத்தை மறுபடி பாருங்கள். கடை இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார், சண்டை இருக்கிறது. பஞ்சைப் பறித்த கை எங்கே? அடிமையின் கை எங்கே? வாங்கல் விற்றல் தராசில் நிறுத்தால் லிங்கன் செய்தது வியாபாரத்தைக் கெடுத்த வேலை. மனிதத் தராசில் நிறுத்தால்?

அந்த இரண்டாவது தராசை எடுத்தவர்களும் இங்கிலாந்தில் இருந்தார்கள். 1862 இறுதியில் லங்காஷயர் பகுதியில் சுமார் ஐந்து லட்சம் பேர் நிவாரணத்தை நம்பி உயிர் வாழ்ந்தார்கள். பஞ்சு இல்லை, வேலை இல்லை, அடுப்பு எரியவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில், டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூடி, அடிமை முறையை எதிர்த்து நிற்கும்படி லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். 1863 ஜனவரி 19-ஆம் தேதி லிங்கன் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். அமெரிக்கர்கள் நிதி திரட்டி, பசித்திருந்த அந்த மக்களுக்காக 'ஜார்ஜ் கிரிஸ்வோல்ட்' என்ற கப்பலில் மாவுப் பீப்பாய்களை அனுப்பினார்கள். வயிறு நிறைந்தவர்கள் படம் போட்டுச் சிரித்தார்கள். வயிறு காய்ந்தவர்கள் நியாயத்தின் பக்கம் நின்றார்கள். எண்ணிப் பாருங்கள்!

சீட்டாக்கப்பட்ட மனிதன்

1862 செப்டம்பர் 17-இல் ஆன்டீட்டம் போர். லிங்கன் காத்திருந்த வெற்றி ஓரளவுக்குக் கிடைத்தது. ஐந்தே நாளில் பிரகடனத்தை வெளியிட்டார். 1863 ஜனவரி முதல் தேதிக்குள் கிளர்ச்சி மாநிலங்கள் திரும்பாவிட்டால் அங்குள்ள அடிமைகள் விடுதலை பெறுவார்கள் என்று அறிவித்தார்.

'பஞ்ச்' என்ன செய்தது? அக்டோபர் 18-ஆம் தேதி 'லிங்கனின் கடைசிச் சீட்டு' என்ற படத்தைப் போட்டது. வெடிமருந்துப் பீப்பாயின் மேல் சீட்டாட்டம். தலைமுடி கொம்பு போலச் சிலிர்த்து, சைத்தானின் சாயலில் லிங்கன். தோற்றுப் போன சூதாடியைப் போலக் கையில் மிஞ்சிய ஒரே சீட்டை ஓங்கி அடிக்கிறார். அந்தச் சீட்டில் ஒரு கறுப்பின மனிதனின் முகம்!

அமெரிக்காவிலேயே, பால்டிமோர் நகரத்துப் பல் மருத்துவர் வோல்க் என்பவர் வேறு பெயரில் ஒளிந்து கொண்டு இன்னொரு படம் வரைந்தார். லிங்கன் பிரகடனம் எழுதுகிறார். காலடியில் அரசியல் சாசனம் மிதிபடுகிறது. மைக்கூட்டைப் பிடித்திருப்பது சைத்தான்!

சகோதரர்களே, லிங்கனை அவமதித்தது பெரிதல்ல. அதிபர் என்றால் ஏச்சும் பேச்சும் உண்டு. நாற்பது லட்சம் மனிதர்களை ஒரு விளையாட்டுச் சீட்டாக வரைந்தார்களே, அதுதான் பெரிது! யாருடைய வாழ்வு பணயத்தில் இருந்ததோ அவர்களுக்குப் படத்தில் வாய் இல்லை.

அந்தச் சீட்டு என்ன ஆயிற்று? சுமார் 1,80,000 கறுப்பின மக்கள் லிங்கனின் படையில் சேர்ந்தார்கள். சீட்டாக வரையப்பட்டவர்கள் சிப்பாய்களாக நின்றார்கள். ஆள் இல்லை என்று கேலி செய்த முதல் படத்துக்கும் அவர்களே பதில் ஆனார்கள்!

நம் பக்கத்துப் படமும் சரிபார்க்கப்பட வேண்டும்

எதிரி போட்ட படம்தான் தவறு, நண்பன் போட்ட படம் எல்லாம் சரி என்று யாரும் எண்ணி விடக் கூடாது.

'ஹார்ப்பர்ஸ் வீக்லி' லிங்கனின் நாட்டு இதழ். அவர் தரப்பு இதழ். 1862 டிசம்பர் 13-இல் ஃப்ரெடரிக்ஸ்பர்க் என்ற இடத்தில் லிங்கனின் படை படுதோல்வி அடைந்தது. 1863 ஜனவரி 3-ஆம் தேதி இதழில் அமெரிக்கத் தாய் லிங்கனை நோக்கி விரல் நீட்டுகிறாள். "கொலை செய்யப்பட்ட என் பதினைந்தாயிரம் மைந்தர்கள் எங்கே?" என்கிறாள். லிங்கனோ, "இதைக் கேட்டதும் ஒரு சின்ன வேடிக்கைக் கதை நினைவுக்கு வருகிறது" என்கிறார்.

நெஞ்சைச் சுடும் படம். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் கணக்கு? அந்தப் போரில் வடக்குப் படையில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லோரையும் சேர்த்தே சுமார் 12,600 பேர். களத்தில் இறந்தவர்கள் சுமார் 1,300 பேர். அந்த 1,300 உயிர்களும் விலைமதிப்பற்றவையே. ஆனால் நியாயமான கேள்வியைக் கேட்கத் தவறான எண் தேவையில்லை. நியாயத்தின் பக்கம் நிற்பவன் கணக்கில் தவறினால், அவன் நியாயத்தையே எதிரி பொய் என்று சொல்லி விடுவான்.

போர்க்காலப் பொய்க்குப் பின்னால் பணமும் இருக்கும். 1864 மே மாதம், லிங்கன் மேலும் நான்கு லட்சம் பேரைப் படைக்கு அழைப்பதாக ஒரு போலி அறிவிப்பு இரண்டு நியூயார்க் பத்திரிகைகளில் வந்து விட்டது. அதைத் தயாரித்தவர் ஒரு பத்திரிகையாளர். நோக்கம் என்ன? கெட்ட செய்தி பரவினால் தங்க விலை ஏறும். முன்கூட்டியே தங்கம் வாங்கி வைத்து லாபம் பார்க்கலாம்! லிங்கன் ஆத்திரத்தில் அந்த இரண்டு பத்திரிகைகளையும் மூட உத்தரவிட்டார்; ஏமாந்தவர்களைத் தண்டித்த அந்த உத்தரவு சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. அவர் செய்ததும் தவறே. அதையும் சொல்லி விட வேண்டும்.

படத்துக்குள் வந்த ஏழைகள்

1864 ஆகஸ்டில் லிங்கன் தேர்தலில் தோற்று விடுவோம் என்றே நம்பினார்; 23-ஆம் தேதி அதை ஒரு காகிதத்தில் எழுதியும் வைத்தார். போரில் சலித்த மக்கள், தெற்குடன் எப்படியாவது சமாதானம் பேசி முடித்தால் போதும் என்றார்கள்.

அப்போது தாமஸ் நாஸ்ட் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர் ஒரு படம் வரைந்தார். செப்டம்பர் 3-ஆம் தேதியிட்ட 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் வந்தது. 'தெற்குடன் சமரசம்' என்று பெயர். கால் இழந்த வடக்குச் சிப்பாய் ஊன்றுகோலுடன் தலை குனிந்து கை நீட்டுகிறான். மிடுக்காக நிற்கும் தெற்கத்தியானின் ஒரு கால், போரில் மாண்டவர்களின் கல்லறை மேல். பின்னால் ஒரு கறுப்பினக் குடும்பம் மறுபடியும் விலங்கில்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். இந்தப் படத்தில் அதிபர் இல்லவே இல்லை! அவர் முடிவின் விலையைக் கொடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஊனமுற்றவன் இருக்கிறான், மாண்டவன் இருக்கிறான், அடிமை இருக்கிறான். லிங்கனின் கட்சியினர் இந்தப் படத்தை அச்சடித்து ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். செப்டம்பர் 2-இல் அட்லாண்டா நகரம் வீழ்ந்ததுதான் தேர்தலைத் திருப்பியது என்பது உண்மை. ஆனாலும் சமாதானம் என்ற இனிய சொல்லின் கீழே யார் நசுங்குவார்கள் என்று மக்களுக்குக் காட்டியது ஓர் இளைஞனின் பேனா. நவம்பரில் லிங்கன் 212-க்கு 21 என்ற கணக்கில் வென்றார்.

தாமதமாக வந்த வருத்தம்

1865 ஏப்ரல் 14 இரவு நாடக அரங்கில் லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. நான்கு ஆண்டுகள் அவரைக் கேலி செய்த லண்டன் பத்திரிகைகள் திகைத்து நின்றன. மே 6-ஆம் தேதி 'பஞ்ச்' இதழில் அதே டெனியல், லிங்கனின் உடல் மீது இங்கிலாந்து மலர்வளையம் வைப்பதாக வரைந்தார். கூடவே, தங்கள் கேலிக்கு வருந்தி ஒரு கவிதை. எழுதியவர் டாம் டெய்லர். லிங்கன் சுடப்பட்ட போது பார்த்துக் கொண்டிருந்த நாடகத்தை எழுதியவரும் இதே டாம் டெய்லர்தான்!

வருந்தியது நல்ல பண்பு. ஆனால் அந்த வருத்தம் யாரைச் சென்று சேர்ந்தது? இறந்தவரை அல்லவே! கேலிக்கு ஒரு வாரம் போதும். அதைத் திரும்பப் பெற ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

லிங்கனை விமர்சிக்கவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, பத்திரிகை நடத்திய ஃப்ரெடரிக் டக்ளஸ் லிங்கனைக் கடுமையாகச் சாடியவர். கறுப்பினச் சிப்பாய்களுக்குக் குறைந்த சம்பளமா என்று 1863-இல் வெள்ளை மாளிகைக்கே சென்று நியாயம் கேட்டவர். 1876-இல் அவர் ஆற்றிய உரையில் இரண்டு தராசையும் எடுத்து வைத்தார். அடிமை ஒழிப்பு என்ற தராசில் நிறுத்தால் லிங்கன் மந்தமானவர், ஆர்வம் குன்றியவர். நாடு முழுவதையும் இழுத்துச் செல்ல வேண்டிய தலைவர் என்ற தராசில் நிறுத்தால் விரைவானவர், உறுதியானவர் என்ற கருத்தைச் சொன்னார். எந்தத் தராசில் நிறுக்கிறேன் என்பதை மறைக்காமல் சொன்ன நேர்மை அது!

நாம் கேட்க வேண்டியவை

வணிகர்களே! சரக்கு வந்து இறங்கினால் என்ன செய்கிறீர்கள்? யார் அனுப்பியது என்று பார்க்கிறீர்கள். எடை போடுகிறீர்கள். பில்லில் உள்ள எண்ணும் மூட்டையும் ஒத்துப் போகிறதா என்று எண்ணுகிறீர்கள். பிறகுதான் கையெழுத்து. படம் வந்து இறங்கினாலும் அதையே செய்யுங்கள்.

ஒன்று: இந்தப் படத்தை வெளியிட்டவருக்கு இந்தப் போரில் என்ன லாபம், என்ன நஷ்டம்?

இரண்டு: படத்தில் உள்ள எண்ணும் செய்தியும் சரியா?

மூன்று: ஆட்சியாளரின் சங்கடத்தைக் காட்டுகிறார்களே, அவர் எடுக்கும் முடிவால் சாகப் போகிறவர்கள், வீடிழக்கப் போகிறவர்கள் படத்தில் எங்கே?

நான்கு: இதே படம் நமக்கு வேண்டியவரைப் பற்றி வந்திருந்தால் நாம் சிரித்திருப்போமா?

இளைஞர்களே! உங்களில் வரையத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். பேனாவைக் கீழே வைக்காதீர்கள். நாஸ்டுக்கும் உங்கள் வயதுதான். வரையும் போது அதிபரின் நீண்ட மூக்கோடு நிறுத்தி விடாதீர்கள். விலை கொடுக்கிறவனையும் படத்துக்குள் கொண்டு வாருங்கள்.

அந்தப் போரில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். 1865 டிசம்பரில் அரசியல் சாசனம் திருத்தப்பட்டு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 'இரண்டு சங்கடங்கள்' படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இவை எதுவும் தெரியாது. இன்று நம் கைக்கு வரும் படத்துக்குப் பின்னாலும் நமக்குத் தெரியாத காகிதம் ஒன்று எங்கோ ஒரு மேசைக்குள் இருக்கலாம். ஆகவே அடுத்தவருக்கு அனுப்பப் போகும் விரல் ஒரு நிமிடம் நிற்கட்டும். அந்த ஒரு நிமிடத்தில் இந்த நான்கு கேள்விகளையும் கேட்டு விடுங்கள்.

சிந்திப்போம்!